லண்டனில் மீனாணம்

என் கணவர் லண்டனிலிருந்து எழுதிய கடிதங்களில் ஒரு கட்டளை தவறாமல் இருக்கும். நான் வரும்போது கருவாடு, கல்போலக் காய்ந்த மாசி மீன், கொச்சிக்காய் இடித்த மிளகாய்த்தூள் என்று எதையும் கட்டிக்கொண்டு வரக்கூடாது. "இங்குள்ளவர்களுக்கு மூக்கு இருக்கிறது" என்று ஒருமுறை எழுதியிருந்தார், கிழக்கிலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் எங்களுக்கெல்லாம் மூக்கை அறுத்துவிட்டதுபோல.

அவர் நீர்ப்பாசனப் படிப்புக்காக அரசாங்கச் செலவில் போனவர். ஒரு வருடம் கழித்து என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் கப்பலேறுவதென்றால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "வெள்ளக்காரன்ட ஊர்ல என்னத்தத் தின்னப்போறாய் புள்ள?" நான் பெண்கள் பாடசாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

உம்மா கருவாட்டை வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, மாசியைத் துணியில் சுற்றி, சீனிச் சம்பலைத் தகர ரின்னில் அடைத்து என் பெட்டிக்குள் வைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன்.

"உங்கட மருமகன்தான் வேணாமெண்டு எழுதியிரிக்காரே உம்மா" என்றேன்.

புருஷன் சொல்லை இவ்வளவு பக்தியாக நான் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொஞ்சம் வன்மமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்கு அவர் நீளக் கோட்டும் தொப்பியுமாக வந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் தன் உம்மாவின் சுகத்தை விசாரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசி ஒண்டும் கொண்டு வரல்லயா?"

"நீங்கதானே வேணாமெண்டு எழுதின."

"எழுதினதுதான். எண்டாலும் மாமியாவது ஒளிச்சு வெச்சு அனுப்பியிருப்பா எண்டு நினைச்சன்."

அதன் பிறகு நெடுநேரம் அவர் ஜன்னலுக்கு வெளியே செம்மறி ஆடுகளைப் பார்த்தபடி வந்தார்.

எங்கள் அறை ஒரு விதவைச் சீமாட்டியின் வீட்டு மேல்மாடியில் இருந்தது. மூலையில் ஒற்றைக் காஸ் அடுப்பு. அதற்குப் பக்கத்தில் காசு போட்டால்தான் காஸ் விடுகிற ஒரு பெட்டி. சரியாகச் சோறு கொதிக்கிற நேரம் பார்த்து அதற்குப் பசி வந்துவிடும். வீட்டுக்காரி நல்லவர். கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, அதன் நிறம், மணம், உயிர் மூன்றும் போகும்வரை அவித்து, எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்புவார். அதை என் கணவர் "ருசியாக இருந்தது" என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்ததைக் கேட்டபோதுதான், அவருடைய கடிதங்களை எவ்வளவு நம்பலாம் என்று எனக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அறைக்கு இரண்டு பேர் வருவார்கள். இருவரும் எங்கள் கரையோரத்து ஆட்கள். ஒருவர் அக்கரைப்பற்றுக்காரர், என் கணவரின் வயது. சட்டம் படித்துக்கொண்டிருந்தார். எப்போது தொடங்கினார் என்பதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள், எப்போது முடியும் என்று யாரும் கேட்பதில்லை. மற்றவர் நிந்தவூர் இளைஞர், பாலம் கட்டும் படிப்புப் படிப்பவர். இருந்த ஒரேயொரு நாற்காலியில் அக்கரைப்பற்றார் அமர்வார். மற்றவர்கள் கட்டிலில். அதன் பின்பு பேச்சு தொடங்கும், சாப்பாட்டைப் பற்றி மட்டும்.

உலகத்தில் அப்போது என்னென்னவோ நடந்துகொண்டிருந்தன. நாட்டில் மொழிச் சண்டை மூண்டுகொண்டிருந்தது. இவர்கள் மூன்று பேரும் எருமைத் தயிரின் ஏடு விரல் கனமா, அதைவிடக் கூடுதலா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கரைப்பற்றார் தன்னை அதிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொள்வார். "நானெண்டா அதையெல்லாம் விட்டுட்டன் மச்சான். என்ட வயிறு இப்ப கொச்சிக்காயக் கண்டாலே பயப்படுது. வெள்ளக்காரன்ட சாப்பாடுதான் ஒடம்புக்கு நல்லம்" என்பார். முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று எனக்கு வந்த கிழமையே சொல்லித் தந்தவர் அவர்தான். ஆனால் தயிரைப் பற்றி அதிக நேரம் பேசியவரும் அவர்தான்.

நிந்தவூர்ப் பிள்ளைக்குத் தன் உம்மாவின் மீனாணம் வேண்டும். ஊரில் கறிக்கு நாங்கள் சொல்கிற பேர் ஆணம். அதைச் சொல்லும்போது அவருடைய கண் நிறைந்துவிடும். என்னை ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிற பிள்ளை. எனக்கே மனம் இளகிப்போய் ஒருநாள் கேட்டேன்.

"உம்மா ஆணத்துக்கு என்னென்ன போடுவா தம்பி? சொன்னா வெச்சுப் பாக்கலாம்."

அவர் யோசித்தார். "மீன் போடுவா."

"மறுகா?"

"மறுகா... மண்சட்டியிலதான் வெப்பா."

"அது சரி, சட்டிக்குள்ள என்ன போடுவா?"

"சிவப்பா இரிக்கும் ராத்தா. கொஞ்சம் புளிக்கும்."

ஆற்றுக்கு மேலே எத்தனை லொறி போனால் பாலம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற தலை அது. பிறந்ததிலிருந்து தின்ற ஆணத்தைப் பற்றி அதற்குள் இருந்த அறிவு முழுவதும் இவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் திரும்பி, "தேங்காய எத்தின தரம் பிழியிற?" என்று கேட்டேன். "பால் எண்டா பால்தானே புள்ள, அதுல என்ன எத்தின தரம்?" என்றார். அடுப்பங்கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் வளர்ந்தவர்கள், அடுப்பங்கரையை நினைத்துக் கடல் கடந்து வந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேடத் தொடங்கினோம். நகரத்தின் நடுவில் ஒரு வட இந்தியர் கடை இருந்தது. அங்கே காய்ந்த கொச்சிக்காய் கிடைத்தது, மல்லி கிடைத்தது, கருத்துப்போன புளியும் கிடைத்தது. கடைக்காரர் என்னைத் தன் ஊர்ப்பக்கம் என்று நினைத்து உருதுவில் பேசினார். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். முஸ்லிம் பெண்ணுக்கு உருது தெரியாதா என்று அவருக்குப் பெரிய வருத்தம். இறைச்சியை யூதர் கடையில் வாங்கினோம், அவர்கள் அறுப்பது நமக்கு ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள். கறிவேப்பிலைக்கு வழியே இல்லை. அதற்குப் பதிலாக ஏதோ ஒரு வெள்ளைக்காரர் இலையை வாங்கி வந்த என் கணவர், "எல இலதானே" என்றார். நான் அதை எறிந்தேன்.

தேங்காய்தான் அகப்படவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் நிந்தவூர்ப் பிள்ளை மூச்சிரைக்கப் படியேறி வந்தார். நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளியில் களியாட்டம் நடக்கிறதாம், அங்கே தேங்காய் இருக்கிறதாம், கண்ணால் பார்த்தாராம். மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே கடலில் பிடித்த மீன் வாங்கி, உப்பும் மஞ்சளும் தடவி மூடி வைத்துவிட்டு, நாலு பேரும் பஸ் ஏறினோம்.

தேங்காய் இருந்தது உண்மைதான். வரிசையாகக் கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிண்ணம் வைத்து, அதற்குள் ஒவ்வொரு தேங்காயைக் குந்தவைத்திருந்தார்கள். காசு கொடுத்தால் மரப்பந்துகள் தருவார்கள். தூரத்தில் நின்று எறிந்து தேங்காயை விழுத்தினால் அது நமக்கு. ஜனங்கள் வரிசையில் நின்று எறிந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வளவில் தேங்காய் தானாக விழும். விழாமல் தலைக்கு மேலே நிற்கிறபோதுதான் எங்களுக்குப் பயம்.

என் கணவர் கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார்.

"சின்ன வயசில மாங்காய்க்கு எறிஞ்ச கை இது" என்றார்.

மாங்காய்க்கு எறிந்த கை முதல் பந்தைக் கூடாரச் சீலைக்கு எறிந்தது. அடுத்ததை யாருடைய தொப்பிக்கோ எறியப் பார்த்தது. நிந்தவூர்ப் பிள்ளை விரலை எச்சிலில் நனைத்துக் காற்றுப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிக் கோணம் பார்த்தார், எறிந்தார். பந்து தேங்காயைத் தொட்டது. தேங்காய் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு அமைதியாக இருந்துகொண்டது. இந்த நேரம் கழுத்துப்பட்டி போட்ட ஒரு வயதான பாதிரியார் எங்களுக்குப் பக்கத்தில் வந்து, சாவகாசமாக ஒரு பந்தை எறிந்து, ஒரு தேங்காயை விழுத்தி எடுத்துக்கொண்டு போனார்.

"மூண்டு பேரும் கடக்கரையில பொறந்தவனுகள். பாதிரியார் வந்து தேங்கா கொண்டு போறாரு" என்றார் அக்கரைப்பற்றார். தான் இதிலெல்லாம் கலந்துகொள்வதில்லை என்று அதுவரை ஒதுங்கி நின்றவர், இப்போது தன் கோட்டையும் என்னிடம் தந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். அவருடைய பந்துகளும் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் போய் விழுந்தன. கடைசிப் பந்தும் போனதும் அவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டார். கிண்ணத்துக்குள் தேங்காயை இறுக்கி வைத்திருக்கிறார்கள், இது வஞ்சகம், இதற்கு வழக்குப் போடலாம் என்று கடைக்காரனிடம் இங்கிலீஷில் விரிவுரை நடத்தினார். அவன் பைப் புகைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோட்டுகளைச் சுமந்து கை வலித்தது. வீட்டில் மீன் வேறு காத்திருந்தது. நான் கடைக்காரனிடம் போய், ஒரு தேங்காய் விலைக்குத் தருவாயா என்று கேட்டேன். அவன் பைப்பை வாயிலிருந்து எடுத்தான். இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றான். பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துத் தந்தான். மூன்று பேரும் எறிந்து தொலைத்த காசில் எத்தனையோ வாங்கியிருக்கலாம்.

பஸ்ஸில் அதை நிந்தவூர்ப் பிள்ளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். "வெலைக்கு வாங்கினத்த ஒருத்தரிட்டயும் செல்லாதீங்க ராத்தா" என்று மட்டும் சொன்னார்.

உடைப்பதற்குப் பெரிய கத்தி இல்லை. வீட்டுக்காரியின் கரி உடைக்கிற சுத்தியலை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் சுற்றிவர நின்று, "நாரைப் பிடிச்சு உடைங்க", "கண்ணுப்பக்கம் வேணாம்", "தண்ணியச் சிந்திப் போடாத" என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தேங்காய் உடைத்த அனுபவம் உள்ளவள் அங்கே நான் ஒருத்திதான். ஒரே போடு. இரண்டாகப் பிளந்தது.

உள்ளே பருப்பு மஞ்சளித்துப் பிசுபிசுத்திருந்தது. காறல் நாற்றம் படி முழுதும் பரவியது. எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் ஏறிய தேங்காயோ.

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், ஜனாஸா அடக்கத்தில் நிற்கிறமாதிரி. நாற்றம் என்னவென்று பார்க்க வீட்டுக்காரி வெளியே வந்தார். தேங்காயின் பால் எடுக்க நினைத்தோம் என்று நான் சொன்னேன். அவர் பிளந்து கிடந்த தேங்காயையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய், கேக் செய்யும் சாமான்கள் வைத்த அலுமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

துருவிக் காயவைத்த தேங்காய்ப்பூ. எல்லாப் பலசரக்குக் கடையிலும் இருக்கிறதாம், இனிப்புப் பணிஸுக்கு மேலே தூவுவார்களாம். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். இலங்கையில் செய்தது என்று எழுதியிருந்தது.

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் கடைகளுக்குத்தான் என் கணவர் போய் வந்தார். பாண் ரொட்டி வாங்கினார், முட்டை வாங்கினார். தேங்காய் என்றால் உருண்டையாகத்தான் இருக்கும் என்பது அவர் முடிவு.

"இது எங்கட தேங்காயே இல்ல" என்றார் அக்கரைப்பற்றார், பொட்டலத்தை மோந்து பார்த்து. "இதில ஆணம் வெச்சா சவர்க்காரம் மாதிரி இரிக்கும்."

"அப்ப நீங்க தின்ன வேணாம்" என்றேன்.

சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். பால் வந்தது. வீட்டுப் பால்போல இல்லை, ஆனாலும் பால்தான். கொச்சிக்காயை இடித்தேன், புளியைக் கரைத்தேன், மீனைப் போட்டேன். காஸ் பெட்டி இரண்டு தரம் பசித்து இரண்டு தரமும் தின்றது. ஆணம் கொதித்து மணம் எழுந்தபோது மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி வந்து நின்றார்கள். எருமைத் தயிரைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

பரிமாறினேன். கரண்டியைத் தொடுவாரில்லை. கொச்சிக்காயைக் கண்டு பயப்படுகிற வயிற்றுக்காரர் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். மூக்கு ஓட ஓட, கண்ணீர் வழிய வழிய, தட்டை வழித்து, விரலைச் சூப்பினார். எல்லாம் முடிந்து தண்ணீரும் குடித்த பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"நல்லாத்தான் இரிக்கி தங்கச்சி. ஆனா எங்கட ஊர் ஆணத்துக்குக் கிட்ட வராது."

"உம்மா வெக்கிறதுல இன்னும் ஏதோ ஒண்டு இரிக்கும்" என்றார் நிந்தவூர்ப் பிள்ளை.

"கொஞ்சம் உப்புக் கூட" என்றார் என் கணவர்.

சட்டிக்குள் பார்த்தேன். ஒரு மீன்தலை கிடந்தது. அன்றிரவு நான் பாணால் சட்டியைத் துடைத்துத் தின்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு கொழும்பிலிருந்து இருவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர், யாரென்றே தெரியாத இன்னொருவர். சாய்ந்தமருதுக்காரர் வீட்டில் தேங்காய்ப் பாலில் ஆணம் வைக்கிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஊரை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள், அவரவர் உம்மாவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள், என் சமையலில் குறை கண்டார்கள், சட்டியைக் காலி செய்தார்கள். நான் லண்டனைப் பார்க்க வந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்த லண்டன் ஒரு காஸ் அடுப்பு.

ஒரு ஞாயிறு காலை, வெங்காயத்தையும் மீனையும் மேசைமேல் வைத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

"எங்க புள்ள போறாய்? ஆக்கள் வரப்போறாங்களே" என்றார் என் கணவர்.

"வரட்டும். உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள்தானே."

"சாப்பாடு?"

"சாமானெல்லாம் இரிக்கி. எனக்கு வேலையிரிக்கி."

எனக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ் ஏறி நாங்கள் இறைச்சி வாங்கும் யூதர் தெருவுக்குப் போனேன். சனிக்கிழமை மூடி ஞாயிற்றுக்கிழமை திறக்கிற தெரு அது. அங்கே மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடை ஒன்று இருந்தது. என்ன எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு ஒரு பங்கு வாங்கினேன். பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே உப்பும் வினாகிரியும் தெளித்துத் தந்தார்கள். பூங்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்து, குளிரில் ஆவி பறக்க, கையால் பிய்த்துத் தின்றேன். ஊர் ஞாபகம் வரவேயில்லை. யாரும் உப்புக் கூட என்று சொல்லவில்லை. யாருக்கும் மிச்சம் வைக்கவும் வேண்டியிருக்கவில்லை. லண்டனில் நான் சாப்பிட்டவற்றில் அதைப்போல ருசியானது வேறில்லை.

பின்னேரம் திரும்பிப் போனபோது அறை புகைமண்டிக் கிடந்தது. சோறு பசையாகிச் சட்டியில் ஒட்டியிருந்தது. ஆணம் என்று ஒன்று இருந்தது, சிவப்பாகவும் கொஞ்சம் புளிப்பாகவும். நிந்தவூர்ப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க செஞ்சது சரியில்ல தங்கச்சி" என்றார் அக்கரைப்பற்றார். "பசியோட வந்த ஆக்கள இப்படி விட்டுட்டுப் போறதா? எங்கட ஊர்ல இப்படி நடக்குமா?"

"நடக்காதுதான். எங்கட ஊர்ல நீங்க கிழமைக்குக் கிழமை என்ட வீட்ட வந்து குந்தவும் மாட்டீங்க. இனிமே திங்கிறவங்கதான் ஆக்கணும். வந்தா கத்திய எடுங்க. நான் சொல்லித் தாறன்."

என் கணவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். எனக்கு அது போதும்.

அக்கரைப்பற்றார் அதன் பிறகு வரவில்லை. நான் வெள்ளைக்காரியாகிவிட்டேன் என்றும், புருஷனை வெங்காயம் வெட்ட வைத்துவிட்டேன் என்றும் லண்டனில் இருந்த இலங்கையர் எல்லோரிடமும் சொன்னார். இரண்டாவது விஷயம் உண்மைதான், அடுத்த ஞாயிறே அவர் கத்தியை எடுத்தார். முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பதென்று கற்றுத் தந்தவர் வாயால் வெள்ளைக்காரி என்ற பட்டம் கிடைத்ததில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. கூட்டம் தானாகவே குறைந்தது. ஊர்ப்பாசம் கொஞ்சம் வெங்காயம் உரிக்கக்கூடத் தாங்காது போலிருக்கிறது.

நிந்தவூர்ப் பிள்ளை மட்டும் தவறாமல் வந்தார். மீன் கழுவப் பழகினார், தேங்காய்ப்பூவை எத்தனை தரம் பிழிவதென்று பழகினார், கை சுட்டுக்கொண்டார், பழகினார். கடைசி மாதங்களில் அவர் வைத்த மீனாணம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு, "உங்கட உம்மாட ஆணத்துக்குக் கிட்ட வராது தம்பி" என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார்.

நாங்கள் ஊர் திரும்பிக் கொஞ்சக் காலத்தில் அவரும் வந்துசேர்ந்தார். நிந்தவூரிலேயே கலியாணம் செய்தார். கலியாணம் முடிந்து சில மாதத்தில் அவருடைய மனைவி, சின்னப் பெண், பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"ராத்தா, நீங்கதான் இவருக்குச் சீமையில சமைக்கப் பழக்கினயாம். மெய்தானா?"

"ஓம், நான்தான். என்ன நடந்திச்சு?"

"என்ன நடக்கல்ல? குசினிக்குள்ள வந்து நிண்டுக்கிட்டு, முதப்பால் இப்ப ஊத்தாத, கொச்சிக்கா காணா, மீன இப்படி வெட்டாத எண்டு ஒரே கரச்சல். மாமிட சமையலுக்கும் கொற செல்றாரு. மாமி என்னத்தான் ஏசுறா, நான்தான் அவருக்குச் செல்லிக்குடுத்து அனுப்பினயாம். உங்களுக்கு ஏன் ராத்தா இந்த வேல?"

நான் அவளுக்கு ஒரு வழி சொன்னேன். மறுபடி அவர் குசினிக்குள் வந்தால் அகப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அக்கரைப்பற்றார் சொன்னதெல்லாம் நிந்தவூர்வரை வந்திருக்கிறது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. ஆனால் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தாள். போகும்போது, "பக்கத்து வீட்டுல எத்தின மணி வர இரிக்கணும் ராத்தா?" என்று கேட்டாள்.